பழனாத்தாக்கா போர்த்திய கம்பளி

பழனாத்தாக்காவைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். நான் எக்ஸ்ரே எடுப்பவன். பெயர் இக்பால். பாலக்காட்டில் எங்கள் அத்தாவுக்குப் பாத்திரக் கடை. அதில் உட்காரப் பிடிக்காமல் ஒரு படிப்பைப் படித்து, இந்த மலைக் குளிரில் வந்து மாட்டிக்கொண்டேன். மூணாறு மலையில், சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. பெயரைச் சொல்லி அதை வம்பில் இழுத்துவிட எனக்கு விருப்பமில்லை. முப்பது கட்டில், ஒரு ஆம்புலன்ஸ், ஒரு கேஷுவால்டி. கேஷுவால்டியில் அடிபட்டு வருகிறவர்களுக்கென்று ஒரே ஒரு கட்டில். பதினெட்டு வருஷமாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் பழனாத்தாக்கா. அவர் அங்கே அட்டெண்டர்.

அவருக்குச் சொந்த ஊர் கிழக்குப் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னையும் தக்காளியுமாக நல்ல வசதியான விவசாயக் குடும்பம். வேலந்தாவளம் சந்தையிலிருந்து மூணாறுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரி ஒன்று அவர்கள் தோட்டத்திலும் நின்று தக்காளி ஏற்றும். ஓட்டியவர் செல்லத்துரை, பள்ளிவாசல் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். தக்காளி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி. செல்லத்துரைக்கு மட்டும் இரண்டு மணி ஆகும். ஆறு மாதம் கழித்து அந்த லாரியிலேயே பழனாத்தாக்கா மலையேறி வந்துவிட்டார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் ஈஸ்வரமூர்த்தி ஒன்பது வருஷம் பேசவில்லை. இங்கே வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகியும் அக்காவின் பேச்சில் அந்த 'ங்க' போகவில்லை. லயத்துச் சனங்கள் கேலி செய்வார்கள். "ஆமாங்க, நாங்க அப்படித்தானுங்க" என்று அதற்கும் ஒரு 'ங்க' போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

மகள் தமிழ்ப்ரியா பிறந்தது இதே ஆஸ்பத்திரியில்தான், அடைமழையில். அன்றைக்கு இரும்பு மேஜையில் இரண்டு மணி நேரம் படுக்க வைத்திருந்தார்களாம். சமவெளி வெயிலில் வளர்ந்த உடம்பு. மேலே ஒரு துணி போட ஒருவருக்கும் தோன்றவில்லை. "வலி மறந்து போச்சுங்க தம்பி. அந்தக் குளிரு மறக்கலீங்க" என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இங்கேயே வேலை கேட்டு வந்தார். வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஸ்டோர் ரூமில் எலி கடித்துக் கிடந்த கம்பளிகளை வெளியே இழுத்துப் போட்டு, துவைத்து, தைத்து, கத்தி, கத்திரி சாமான்களைக் கிருமி போக வேகவைக்கும் அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டார். அந்த அறை எப்போதும் சூடாக இருக்கும், கம்பளியும் சூடாக இருக்கும்.

அதிலிருந்து எங்கள் கேஷுவால்டியில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால், வந்தவர் பேர் என்ன, என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கழுத்திலிருந்து கால் வரை சூடான கம்பளி விழுந்துவிடும். அதோடு விடமாட்டார். ரத்த அழுத்தம் பார்க்க யாராவது ஒரு ஓரத்தைத் தூக்கினால், பார்த்து முடிப்பதற்குள் அக்காவின் கை தானாக வந்து அதை மறுபடி சொருகிவிடும். டாக்டர்கள் சிரிப்பார்கள். பழனாத்தாக்கா மூடினால் மூடினதுதான் என்று ஒரு பேச்சே உண்டு. குணமாகிப் போனவர்கள் மருந்து கொடுத்த டாக்டரை மறந்துவிடுவார்கள், கம்பளி போர்த்திய அம்மாவை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்து பலாப்பழம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமைதான். எலும்பைப் படம் எடுத்துக் கொடுத்தவனுக்கு இதுவரை ஒரு சுளை வந்ததில்லை.

நான்கு வருஷம் முன்பு, மழை தொடங்கிய வாரம், பள்ளிவாசல் வளைவில் செல்லத்துரையின் லாரி கவிழ்ந்தது. காலை பதினொன்றரை மணி. அக்கா டியூட்டியில் இருந்தார். ஸ்ட்ரெச்சரில் வந்தது தன் புருஷன் என்று தெரிந்தும் கத்தவில்லை, அழவில்லை. ஓடிப்போய்க் கம்பளி எடுத்து வந்து தன் கையாலேயே போர்த்தினார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோகும் வழியில், நேரியமங்கலம் பாலம் வருவதற்கு முன்பே ஆம்புலன்ஸில் அவர் போய்விட்டார். அக்கா பக்கத்தில் இருந்தார்.

பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பி வந்தபோது அவர் எங்களிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம். "கடைசி வரைக்கும் அவருக்குக் குளிரலீங்க. எங்கையப் புடிச்சுக்கிட்டு, வெதுவெதுன்னு இருக்கு பழனான்னாரு." அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண்பிள்ளை இந்த நான்கு வருஷத்தை ஓட்டினார். புருஷனுக்குத் தன்னால் முடிந்ததைச் செய்தோம் என்ற நிம்மதி. அது மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மறுபடி போய் நிற்க யாரால் முடியும்? இனிமேல் நான் சொல்லப்போவது முழுக்க அந்த நிம்மதிக்கு வந்த ஆபத்தைப் பற்றித்தான்.

டாக்டர் சிவப்பிரகாஷ் ஒன்றரை வருஷம் முன்பு வந்தார். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், முப்பத்துநாலு வயது, நடக்கவே தெரியாது, ஓட மட்டும்தான் தெரியும். வந்த இரண்டாம் மாதமே எல்லாரையும் கூட்டினார்.

"கிரிக்கெட் ஆடறவங்க மேட்ச் முடிஞ்சதும் வீடியோ போட்டுப் பாக்கறாங்க இல்லீங்களா? நாம உசுரக் காப்பாத்தற வேலை பாக்கறோம். நாம என்ன பண்றோம்னு ஒரு நாளாச்சும் நாமளே பாத்திருக்கறமா?" என்றார்.

கட்டிலுக்கு நேர் மேலே ஒரு கேமரா வந்தது. அடிபட்டவர் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை அது ஓடும். ரோகியோ வீட்டுக்காரர்களோ சம்மதபத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்து பார்ப்போம். பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும். யார் தப்பு என்று கேட்கக் கூடாது, என்ன நடந்தது என்று மட்டும்தான் கேட்கலாம். படத்தைக் கதவு திறக்கும் நொடியிலிருந்துதான் போட வேண்டும், நடுவிலிருந்து போடக் கூடாது. கம்ப்யூட்டரைப் பார்த்து பயப்படாதவன் என்பதால் படம் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் எல்லாருக்கும் பயம். ஆண் நர்ஸ் ஏசுரத்தினம் ஒரு மாதம் பூராவும் தலையை நன்றாக வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வந்தார். மேலே இருந்து பார்க்கும் கேமராவுக்கு அவர் உச்சி வழுக்கை மட்டும்தான் தெரிந்தது. முதல் வியாழக்கிழமை அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில்தான் பயம் விட்டது. அப்புறம் சிரிப்பு அடங்கி, படத்தில் மூன்று பேர் ஒரே சாமானை எடுக்க ஒரே அலமாரிக்கு ஓடுவதைக் கவனித்தோம். கழுத்து அசையாமல் இருக்கப் போடும் பட்டை அந்த அலமாரியில், கடைசித் தட்டில் இருந்தது. இரண்டரை நிமிஷம் போயிருந்தது. அன்றைக்கே அதைக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டினார்கள். அடுத்த தடவை பத்து நொடியில் வேலை முடிந்தது. நான் எதையும் லேசில் ஒத்துக்கொள்கிறவன் அல்ல. ஆனால் இது உருப்படியான காரியம் என்று அன்று ஒத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு அட்டெண்டர்களைக் கூப்பிடவில்லை. யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை, டாக்டரும் நர்ஸும் உட்காரும் அறையில் அட்டெண்டர் உட்காருவது எங்கள் ஆஸ்பத்திரியில் பழக்கமே இல்லை, அவ்வளவுதான். இரண்டரை மணிக்குப் பழனாத்தாக்கா டீ கொண்டுவருவார். படம் ஓடிக்கொண்டிருந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே டீ ஊற்றுவார். அது பெரியவர்கள் சமாச்சாரம், தான் பார்க்கக் கூடாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டிருந்தார்.

போன ஆடி மாதம், கவ்வாத்து வெட்டும் வேலையில், அதாவது தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலையில், சுவக்கீன் என்கிற தொழிலாளி கத்தியோடு சறுக்கிச் சரிவில் உருண்டுவிட்டார். ஜீப்பில் கொண்டுவந்தார்கள். இடது கையில் பெரிய வெட்டு, சுற்றிய துண்டெல்லாம் ரத்தம். மழைக்காக இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு கட்டி, முழங்கால் வரை கம்பூட்ஸ் போட்டிருந்தார். ஆள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். கம்பளி விழுந்தது. எல்லாரும் கையைப் பார்த்தார்கள். கையில் ரத்தம் நின்ற பிறகும் ஆள் வெளுத்துக்கொண்டே போனார், தண்ணீர் தண்ணீர் என்றார், ரத்த அழுத்தம் இறங்கியது. ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஒன்பதாவது நிமிஷம் கேஷுவால்டியின் தலைமை நர்ஸ் செல்வப்பிரியா கம்பளியைத் தூக்கிப் பூட்ஸைக் கழற்றினார். பூட்ஸிலிருந்து ரத்தம் கொட்டியது. தொடையின் பின்பக்கம் இரண்டாவது வெட்டு இருந்தது. குளிரில் மரத்துப்போய் சுவக்கீனுக்கே அது தெரியவில்லை. வழிந்ததெல்லாம் பூட்ஸுக்குள் நிறைந்ததால் தரையில் ஒரு சொட்டு இல்லை.

சுவக்கீன் பிழைத்துக்கொண்டார். மயிரிழையில்தான். எர்ணாகுளத்தில் மூன்று வாரம் கிடந்துவிட்டு, கம்பு ஊன்றிக்கொண்டு வந்து அவரே சம்மதபத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை மத்தியானம் எக்ஸ்ரே அறையில் தனியாக உட்கார்ந்து அந்தப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். முதல் நான்கு நிமிஷத்தில் எல்லாம் இருந்தது. அக்கா கம்பளி போர்த்துகிறார். செல்வப்பிரியா கால் பக்கம் தூக்குகிறார், அக்காவின் கை வந்து சொருகுகிறது. ஏசுரத்தினம் இடுப்புப் பக்கம் தூக்குகிறார், சொருகுகிறது. மறுபடி செல்வப்பிரியா, மறுபடி அந்தக் கை. மூன்று தடவை. பிறகு டாக்டர் உள்ளே வருகிறார், அக்கா விலகிக் கதவோரம் போய் நிற்கிறார். அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு பரிவாகச் சொருகுகிறது அந்தக் கை. ஒருவர் சாவதற்கு வழி செய்துகொண்டிருக்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

அக்கா இதைப் பார்த்தால் சுவக்கீனோடு நிறுத்தமாட்டார். நேராக நான்கு வருஷம் பின்னால் போவார். என் புருஷனையும் இப்படித்தானே மூடினேன் என்று கேட்பார். அந்த நிம்மதி போய்விடும். அதனால் முதல் நான்கு நிமிஷத்தை வெட்டினேன். டாக்டர் உள்ளே வருவதிலிருந்து படம் தொடங்கும்படி செய்தேன்.

இது பாதிக் காரணம். நல்லவன் வேஷம் போட்டது போதும், மீதியையும் சொல்லிவிடுகிறேன். செல்லத்துரைக்கு அடிபட்ட அன்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டாக்டர் ஆள் அனுப்பியபோது நான் என் அறையில் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு, போனை உள்ளே சார்ஜில் போட்டுவிட்டு, கீழே ரோட்டோரக் கடையில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, தின்றுகொண்டிருந்தேன். இருபது நிமிஷம் கழித்து வந்தேன். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். எக்ஸ்ரே அறைக்குக் கரண்ட் வரவில்லை, மெஷின் ஓடவில்லை என்றேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளிவாசல் பவர்ஹவுஸுக்குத் தண்ணீர் இறங்கும் குழாய் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு, கரண்ட் இல்லை என்று பொய் சொன்னேன். அப்போது இருந்த பழைய டாக்டர் நம்பினார். அக்கா அந்த நாளைத் தோண்டத் தொடங்கினால் என் இருபது நிமிஷமும் வெளியே வரும். அந்தப் பயமும் சேர்ந்துதான் அந்த நான்கு நிமிஷத்தை வெட்டியது.

வியாழக்கிழமை படத்தைப் போட்டேன். டாக்டர் உள்ளே வருகிறார், ரோகி கழுத்து வரை மூடிக் கிடக்கிறார், எல்லாரும் கையோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒன்பதாவது நிமிஷம் பூட்ஸ்.

"இத்தன நேரம் கால ஆருமே பாக்கலீங்களே. ஏன்? நானும் பாக்கலை, எம்மேலயுந்தான் கேள்வி" என்றார் டாக்டர்.

எல்லாருக்கும் காரணம் தெரியும். யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல மனது வரவில்லை.

கடைசியில் செல்வப்பிரியா எழுந்து நின்றார். எஸ்டேட் லயத்தில் பிறந்த பெண், அதட்டினால் ஆட்கள் நடுங்குவார்கள். அன்றைக்கு அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "நான்தான் சார் பாத்திருக்கணும். கேஷுவால்டி என் பொறுப்பு. கம்பளியத் தூக்கிப் பாக்க எனக்குத் தோணாமப் போச்சு. என் தப்புன்னே வச்சுக்கங்க."

தூக்கியது நீதானே, இரண்டு தடவை தூக்கினாயே என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. சொன்னால் வெட்டியது தெரிந்துவிடும். கோழை மாதிரி மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் டீக் கெட்டில் 'ணங்' என்று மேஜையில் உட்கார்ந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த பழனாத்தாக்கா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

"அந்தப் புள்ள பொய் சொல்லுதுங்க சார். மூடுனது நானுங்க. அது தூக்கித் தூக்கிப் பாத்துது. நாந்தான் மறுக்கா மறுக்கா சொருகுனேன்."

"அக்கா, நீங்க சும்மா இருங்க" என்றார் செல்வப்பிரியா.

"ஏனுங்க சும்மா இருக்கோணும்? இக்பால் தம்பி, மொதல்ல இருந்து போடுங்க. நானும் பாக்கறேன்."

முதல் பகுதி பதிவாகவில்லை என்று முனகினேன். டாக்டர் திரையின் மூலையைக் காட்டினார். அங்கே நேரம் நான்கு நிமிஷம் பத்து நொடியிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் போய் முழுப் படத்தையும் எடுத்து வந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான வராந்தாவில் நடந்ததில்லை.

டாக்டர் தன் நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா அந்த அறையில் உட்கார்ந்தார். படம் ஓடியது. "அட, நான் இத்தன குண்டாவா இருக்கறேன்?" என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஒவ்வொரு தடவை சொருகும்போதும் ஒரு விரலை மடக்கினார். மூன்று விரல் மடங்கியது. பூட்ஸ் வந்தது. ரத்தம் கொட்டியது.

"அக்கா, இது உங்க மேல குத்தமில்லீங்க" என்றார் டாக்டர். "பதினெட்டு வருசமா நீங்க மூடறதப் பாத்து, சரி சரின்னு சிரிச்சது நாங்கெல்லாம். கம்பளி வேணும். குளிர்ந்து போனா ரத்தம் நிக்காது, அதுவும் நெசந்தான். எப்ப மூடறதுங்கறது மட்டுந்தான் இங்க கேள்வி."

அக்கா அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப எங்கூட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சுங்களா சார்?"

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட மாட்டாரா என்று டாக்டரின் வாயையே பார்த்தோம்.

"தெரியாதுங்கக்கா" என்றார் அவர். "அன்னிக்கு நானும் இங்க இல்லை, கேமராவும் இல்லை. கேஸ் ஷீட் இருக்கும், எடுத்துப் பாத்துச் சொல்றேன். அதுல என்ன இருக்குதோ அதச் சொல்றேன்."

அக்கா எழுந்து எல்லாருக்கும் டீ ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். மறுநாள் வேலைக்கு வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

சனிக்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, படத்தை ஏன் வெட்டினாய் என்று கேட்டார். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். பழம்பொரி உட்பட. அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். செல்லத்துரையின் பழைய கேஸ் ஷீட்டை என் முன்னால் நகர்த்தினார். வெளிக்காயம் எதுவும் எழுதப்படவில்லை, ரத்தம் முழுக்க உள்ளேயே போயிருந்தது. மூடாமல் இருந்திருந்தால் இடுப்பில் வீக்கமோ கன்றலோ கண்ணில் பட்டு, எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமலே முன்னதாக அனுப்பியிருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது.

"இத அக்காகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. உங்க பங்கையும் சேத்துச் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். லயத்தின் கடைசி வீடு. மழை விட்டிருந்தது. அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது, தூங்கிய முகமாக இல்லை. இருந்தாலும் "வாங்க தம்பி" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"மூணு நாளா ரோசன பண்ணிட்டேனுங்க. ஆஸ்பத்திரில பெரிய கத்திரிக்கோல் ஒண்ணு வேணும், பூட்ஸையும் வெட்டறாப்பல. வந்தொடனே துணிய வெட்டோணும். முன்னால பாக்கோணும், பொரட்டிப் பின்னால பாக்கோணும். ஆரோ ஒருத்தரு பாத்தாச்சுன்னு சத்தமாச் சொல்லோணும். அதுக்கப்பறந்தான் கம்பளி. அது வரைக்கும் கம்பளியக் கையில புடிச்சுட்டு நிக்கறதுக்கு ஒரு ஆளு. டாக்டருகிட்டச் சொல்லீருங்க."

"நீங்களே வந்து சொல்லுங்கக்கா" என்றேன். பிறகு கேஸ் ஷீட்டில் இருந்ததைச் சொன்னேன். இருந்தது இருந்தபடி. வெளிக்காயம் இல்லை என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாது என்றதும் திறந்தார்.

"தெரியாதுங்களா?"

"தெரியாதுக்கா. யாருக்குமே தெரியாது."

கையிலிருந்த ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே நின்றார். பழைய நானாக இருந்தால் அந்த இடத்தில் எழுந்து ஓடியிருப்பேன். ஓடாமல் சொன்னது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒழுங்கான காரியம்.

"அக்கா, அன்னைக்கு கரண்ட் போகல. நான் ரூம்ல இல்ல. கீழ கடையில இருந்தேன். இருபது நிமிஷம். நான் சொன்னது பொய்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"தெரியுமுங்க தம்பி. உங்க கதவத் தட்டிக்கிட்டு நின்னது நாந்தானுங்க. உள்ளார உங்க போனு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. கரண்டு இல்லீன்னு நீங்க சொன்னப்ப உங்க ரூமுல எந்தலைக்கு மேல லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

நான்கு வருஷம். தினமும் இரண்டு வேளை டீ. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து எக்ஸ்ரே மேஜையிலேயே படுத்துவிட்டபோது சூடான கம்பளி கொண்டுவந்து போர்த்தினாரே, அன்றைக்கும் இது தெரிந்துதான் போர்த்தினாரா? அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா அவரு வந்துருவாருங்களா? ரெண்டு வருசம் உங்க மேல தீராத கோவமுங்க எனக்கு. டீயில உப்பப் போட்டுக் குடுத்தரலாமான்னு இருக்கும். அப்பறம் ஒரு நாளு உங்குளுக்கு டீ ஊத்தறப்ப பாக்கறேன், கோவத்தக் காணம். எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியிலீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எம்மேலயே கோவமா இருக்குதுங்க தம்பி. இதும் போகறதுக்கு ரெண்டு வருசமாகுமாட்ட இருக்குது. அதுக்காக அது வரைக்கும் ஊட்டுலயே உக்காந்திருக்க முடியுங்களா? நாளைக்கு ஏழு மணிக்கு வந்தர்றேன்னு டாக்டருகிட்டச் சொல்லீருங்க."